முழுப்பெயர்

தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வந்துவிட்டது. தொட்டியின் உள்சுவரில் யாரோ எப்போதோ போட்டுவைத்த கறுப்புக் கோடு வரை அது ஏற வேண்டும், அதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அதுவரை நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. ஞானஸ்நானத் தொட்டி நிரம்பும்போது பக்கத்தில் ஆள் இருந்தே தீர வேண்டும் என்பது சபையின் விதி, குழந்தை யாராவது தவறி விழுந்துவிடக் கூடாதே. எங்கள் கிளையில் மொத்தமே பதினெட்டுப் பேர், அதில் குழந்தை இரண்டு, இரண்டும் இப்போது அவரவர் வீட்டில் இருக்கும், ஆனாலும் விதி விதிதான். வெந்நீர் அப்போதே தீர்ந்துபோயிற்று. இந்தக் கட்டடத்துக் கொதிகலன் முழங்கால் வரைக்குக்கூடத் தாங்காது, பிறகு வருவதெல்லாம் நார்வே நாட்டு வடகோடிப் பிப்ரவரி மாதத்துக் குழாய்த் தண்ணீர், விரலை விட்டால் விரல் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அதனால் என் ஊழிய ஜோடி எல்டர் ஃபோனுவா அடுப்படியில் இருக்கிற பாத்திரத்திலெல்லாம் தண்ணீர் கொதிக்கவைத்துத் தூக்கிக்கொண்டு வந்து ஊற்றுகிறான். டோங்கா தீவுக்காரன், கதவில் நேராக நுழைய முடியாத ஆள், வேலை செய்தால் பாடிக்கொண்டேதான் செய்வான். எனக்கு வேலை உட்கார்ந்திருப்பது. உட்கார்ந்து ஒரு பெயரைச் சொல்லிப் பார்ப்பது. தவமலர் தர்மகுலசிங்கம். பாருங்கள், மனசுக்குள் எவ்வளவு லேசாக வருகிறது, தவமலர் தர்மகுலசிங்கம், தவமலர் தர்மகுலசிங்கம், மழைத்தண்ணீர் ஓடுவதுபோல ஓடுகிறது. வாயைத் திறந்தால்தான் வழி அடைபட்டுப் போகும். எனக்குத் திக்குவாய். எல்லா எழுத்தும் இல்லை, பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் எமன், த. இன்றைக்கு ஞானஸ்நானம் எடுக்கப்போகிற அக்காவின் பெயர் அது, அவள் பெற்றோர் யோசித்து யோசித்து மகளுக்கு ஒரு த, அவள் கட்டிக்கொண்டவர் தன் பங்குக்கு இன்னொரு த. மூன்று மணிக்கு நான் வெள்ளை உடுப்போடு இந்தத் தண்ணீரில் இறங்கி, வலது கையைத் தூக்கி, முதல் வார்த்தையாக அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். ஜெபம் ஆளின் முழுப்பெயரில்தான் தொடங்குகிறது. அதில் ஒரு சொல் மாறக் கூடாது, கூடக் கூடாது, குறையக் கூடாது. மாறினால் திரும்ப முதலிலிருந்து.

ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்கிறார்களே, மாற்றியேதான் நான் இத்தனை வருஷம் பிழைத்தேன். திக்குவாய்க்காரனைப்போல அகராதி தெரிந்தவன் ஊரில் எவனும் கிடையாது. தோசை வேண்டும் என்று சொல்ல முடியாமல் இட்லி என்பேன், எனக்கு இட்லி என்றால் உயிர் என்று அம்மா இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறாள். தண்ணீர் என்று கேட்க மாட்டேன், குடிக்க ஏதாவது இருக்கா என்பேன். பள்ளிக்கூடத்தில் திருக்குறள் ஒப்பிக்கச் சொன்னால் வயிற்றுவலி. எதுவும் கைகொடுக்காவிட்டால் முன்னால் ஒரு சொல்லைப் போட்டு அதன்மேல் ஓடிவந்து தாண்டுவேன், 'அதாவது', 'வந்து', 'அக்கா', ஏதோ ஒன்று, ஓடுகிற ஓட்டத்தில் த வந்து விழுந்துவிடும். அப்பா ஈரோட்டில் டவுன் பஸ் கண்டக்டர். அக்ரஹாரம், காளிங்கராயன்பாளையம், லட்சுமிநகர், பவானி பவானி பவானி என்று அவர் கூப்பிட்டால் பஸ் நிலையத்தின் அந்தக் கோடியில் டீ குடித்துக்கொண்டிருப்பவன் கிளாஸை வைத்துவிட்டு ஓடிவருவான். அந்த வாய்க்கு இந்த மகன். சென்னிமலை முருகன்மேல் பாரத்தைப் போட்டு அவர் எனக்கு வைத்த பெயர் தண்டபாணி, வேறு எழுத்தா கிடைக்கவில்லை. யாராவது பெயர் கேட்டால் ஹால் டிக்கெட்டை நீட்டுவேன், அடையாள அட்டையை நீட்டுவேன். நானும் அம்மாவும் மார்மன் சபையில் சேர்ந்தபோது அப்பா ஒன்றும் சொல்லவில்லை, 'அவிங்கவிங்க சாமி அவிங்கவிங்களுக்கு' என்று விட்டுவிட்டார். ஊழியத்துக்கு அழைப்பு வந்து, இரண்டு வருஷம், அதுவும் நார்வே என்று தெரிந்த அன்றைக்குத்தான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அம்மாவைப் பார்த்துக் கேட்டார்: 'வாயே வராதவன் ஊரூராப் போயி என்னத்தப் பேசுவான்? நாலு பேரு சிரிக்கறக்கா?' அவர் கோபத்தில் கேட்கவில்லை, பயத்தில் கேட்டார், அது எனக்குத் தெரியும், தெரிந்தாலும் வலித்தது, பதினாலு மாதமாகியும் வலிக்கிறது. ஆனால் இங்கே வந்ததில் ஒரு சந்தோஷம் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகும். ஊழியக்காரனைக் குடும்பப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர், அப்பா பெயரைத் தூக்கிச் சட்டையில் குத்திவிட்டார்கள், எல்டர் சென்னியப்பன். எல்டர் என்றால் மூப்பர், எனக்கு வயது இருபத்தொன்று. ச எனக்கு ஒன்றும் செய்யாது. இரண்டு வருஷத்துக்கு என் பெயரை நான் சொல்லவே வேண்டாம் என்று தெரிந்த அன்று கட்டிலில் படுத்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன்.

முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. ஃபோனுவா ஒரு அண்டாவைக் கவிழ்த்துவிட்டுப் போகிறான், ஆவி எழும்பிக் கண்ணாடிச் சன்னலில் படிகிறது, சன்னலுக்கு அப்பால் பனி, பனிக்கு அப்பால் கடல். இரண்டு மாதம் உதிக்காமலே இருந்துவிட்டு மூன்று வாரத்துக்கு முன்புதான் சூரியன் இந்த ஊருக்குத் திரும்பி வந்தது, வந்ததும் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்கள், நானும் நின்றேன், ஈரோட்டில் வெயிலைத் திட்டியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். இங்கே என் நாள் எல்லாம் ஒரே மாதிரி. ஆறரைக்கு எழுந்திருப்பது, ஜெபம், படிப்பு, கஞ்சி, கழுத்துப் பட்டை, பிறகு கதவு கதவு கதவு. ஜோடியை விட்டுப் பிரியக் கூடாது, கண்ணுக்கும் காதுக்கும் எட்டுகிற தூரத்தில்தான் இருக்க வேண்டும், இப்போதுகூட அவன் பாட்டு எனக்குக் கேட்கிறது, ஆகவே விதியை மீறவில்லை. கதவில் முதலில் பேசுவது ஃபோனுவா, சிரித்துக்கொண்டே சபையின் அட்டையை நீட்டுவது நான். ஒரே ஒருநாள் நான் பேச ஆரம்பித்தேன், ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன், அந்த வீட்டம்மா மரியாதைக்குக் காத்துக்கொண்டே நின்றாள், நின்றாள், கடைசியில், 'வீட்டுச் சூடெல்லாம் வெளியே போகிறது' என்று மெதுவாகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். அவள்மேல் என்ன தப்பு. இந்த நாட்டில் நன்றிக்குத் 'தக்' என்று பெயர், சாப்பாட்டுக்குத் தக், வந்ததற்குத் தக், போன தடவை பார்த்ததற்குத் தக். நான் தலையைத் தலையைக் குனிவேன். இந்தியப் பையன்கள் எவ்வளவு பணிவு என்று கிளைத் தலைவரின் மனைவி ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். அப்படி ஒரு சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் மீன் தொழிற்சாலை ஷிப்ட் முடிந்து நின்றிருந்த ஒரு பெண், ரப்பர் பூட்ஸ், தலையில் கம்பளித் தொப்பி, நாற்பத்தைந்து வயதிருக்கும், என் நெஞ்சிலிருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, 'தம்பி, நீர் தமிழே?' என்று கேட்டாள். வாராவாரம் வீட்டுக்குப் பேசும் போனில் அல்லாமல், ஏழு மாதம் கழித்து நேரில் காதில் விழுந்த தமிழ், அதுவும் இலங்கைத் தமிழ். எனக்கு அழுகை வந்துவிட்டது, குளிரில் கண்ணில் தண்ணி வருகிறது என்று ஃபோனுவாவிடம் சொல்லிச் சமாளித்தேன்.

பெண் தனியாக இருக்கிற வீட்டுக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும் போகக் கூடாது, மூன்றாவதாகச் சபை ஆள் ஒருவர் வர வேண்டும். சகோதரர் ஓலாவ் வந்தார். படகு எஞ்சின் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், தமிழ் புரியாது, நாங்கள் வேதபாடம் நடத்துகிற நேரம் முழுக்க ரொட்டியும் காரச் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டு கண்ணீர் விட்டுக்கொண்டு இருப்பார், மறுபடி எப்போது போகிறோம் என்று அவரேதான் கேட்பார். தவமலர் அக்கா சும்மா கேட்டுக்கொண்டிருக்கிற ஆள் இல்லை, குறுக்குக் கேள்வி போட்டே கொல்லுவாள். எல்லாவற்றுக்கும் சம்மதித்தாள், சபை விதிப்படி தேநீரை விட வேண்டும் என்றதும் எழுந்தே நின்றுவிட்டாள். 'என்ன தம்பி கதைக்கிறீர்? ஷெல்லடிக்குள்ளயும் நாங்கள் தேத்தண்ணி விடேல்லை.' பிறகு மூன்று வாரம் தலைவலியோடு வேலைக்குப் போய்வந்து, விட்டுவிட்டேன் என்று சொன்னாள். தை மாதத்தில் ஒருநாள் தானாகவே கேட்டாள், தண்ணீரில் இறங்கத் தயார், ஆனால் ஒரு நிபந்தனை. 'நீர்தான் செய்யவேணும். தமிழில சொல்லவேணும். என்ர பேரை முழுசாச் சொல்லவேணும்.' நான் சிரித்து மழுப்பினேன். அவள் விடவில்லை. 'இஞ்ச வந்து இருபத்திரண்டு வருசம். தொழிற்சாலையில நான் தவா. கடிதத்தில எழுத்தை மாத்திப் போடுவினம். மகன் ஒஸ்லோவில இருந்து அம்மா எண்டுறான், நீர் அக்கா எண்டுறீர். நல்லது. ஆனா என்ர பேர் எங்க போச்சு? ஒருக்கா ஆரும் வாயால சொல்லிக் கேக்கவேணும்.' எனக்கு நெஞ்சில் அடித்ததுபோல இருந்தது. ஏனென்றால் நான் அவளை அக்கா அக்கா என்று கூப்பிட்டது மரியாதையால் மட்டுமில்லை. ஐந்து மாதமாக அந்தப் பெயரைத் தாண்டிப் போவதற்கு எனக்கு அது பாலம். அவளுக்கு அது தெரியுமா? தெரிந்துதான் கேட்டாளா? இல்லை, இவ்வளவு பெரிய தந்திரம் அவளுக்கு எதற்கு. இல்லை, தெரியும், அந்தக் கண்ணுக்குத் தெரியாமல் எதுவும் போகாது. தெரியும், தெரியாது, தெரியும், இப்படியே ஒரு மாதம் ஓடிவிட்டது.

இடுப்புக்கு ஒரு சாண் கீழே. கிளைத் தலைவர் ஹெல்கேயிடம் போன வாரமே கேட்டுவிட்டேன், வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தார், திக்கினால் ஜெபம் தப்பாகிவிடுமா என்று. அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தார். 'சொல் மாறினால் தவறு. நேரம் ஆனால் என்ன தவறு?' என்றார், மறுபடி பனியைத் தள்ள ஆரம்பித்துவிட்டார். அவருக்கென்ன. எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரியாது. நாக்கு மேல்வரிசைப் பல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டுவிட்டால் அது எப்போது விடும் என்று எனக்கே தெரியாது. நான் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன், பதினெட்டுப் பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள், பிள்ளைகள் இரண்டும் முதல் வரிசை, குளிரில் அக்காவுக்குப் பல் கிட்டும், பிறகு யாராவது ஒருவர் இரக்கப்பட்டு இருமுவார். எனக்கு அந்த இருமல்தான் பயம். சிரிப்பைத் தாங்கிவிடலாம். ஃபோனுவா அடுத்த பாத்திரத்தை ஊற்றிவிட்டு என் முன்னால் குந்துகிறான். அவனும் வெள்ளை உடுப்பு போட்டிருக்கிறான், அவனும் ஓலாவும் சாட்சி, முழுக்கு சரியாக நடந்ததா என்று பார்த்துத் தலையசைப்பவர்கள், சாட்சிக்கு வெள்ளை கட்டாயம் இல்லை, ஏன் போட்டான் என்று எனக்குத் தெரியும். 'எல்டர், சாப்பிட்டாயா?' என்கிறான். இல்லை என்கிறேன். 'நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் முடியாது என்று தோன்றினால் என்னைப் பார், போதும். நான் இறங்கிவிடுகிறேன். நார்வே மொழியில் சொல்லிவிடலாம், கடவுளுக்குப் புரியும்.' கடவுளுக்குப் புரியும்தான். ஆனால் இந்தத் தடியன் வாயில் அவள் பெயர் தாவாமாலா ஆகும், இருபத்திரண்டு வருஷத்தோடு இன்னொரு நாளும் சேரும், அவ்வளவுதான். ஆகட்டும் என்று தலையாட்டுகிறேன். அவன் போனதும் எனக்கு ஒரு கேவலமான நிம்மதி வருகிறது, பின்கதவு திறந்திருக்கிறது என்கிற நிம்மதி. அதை நான் பார்க்கவே கூடாது. பார்த்தால் போய்விடுவேன், எனக்கு என்னைத் தெரியும். அவன் இருக்கிற பக்கமே திரும்பக் கூடாது, தவமலர் தர்மகுலசிங்கம், திரும்பக் கூடாது, தவமலர் தர்மகுலசிங்கம், தண்ணீர் கோட்டைத் தொட்டுவிட்டது, குழாயை மூடு.

மூன்று மணி. மடக்குக் கதவைத் தள்ளிவிட்டார்கள், நாற்காலிகள் இங்கிருந்தே தெரிகின்றன, பாட்டு முடிந்துவிட்டது. தண்ணீர் இடுப்பில் கத்திபோல இருக்கிறது, ஃபோனுவாவின் இருபது பாத்திரமும் எங்கே போயிற்றோ. அக்கா படியிறங்கி வருகிறாள், வெள்ளை அங்கி, பின்னலை மடித்துக் கட்டியிருக்கிறாள், 'ஐயோ அம்மா' என்று அடிக்குரலில் சொல்கிறாள். அவள் என் மணிக்கட்டைப் பிடிக்கிறாள், நான் அவளுடையதைப் பிடிக்கிறேன், கையைத் தூக்குகிறேன், வாயைத் திறக்கிறேன். 'அக்கா தவமலர் தர்மகுலசிங்கம்,' வந்துவிட்டது, ஓடுகிறது, இயேசு, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி, ஆமென், எல்லாம் ஒரே மூச்சில், ஒரு திக்கல் இல்லை, நான் அவளைப் பின்னால் சாய்க்கிறேன், முழுக்கத் தண்ணீருக்குள் போகிறாள், தூக்குகிறேன். ஓலாவ் தலையசைக்கிறார். ஃபோனுவா தலையசைக்கிறான், அவன் பல்லெல்லாம் தெரிகிறது. பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சுகிறார்கள். முடிந்தது. எவ்வளவு சுலபம்! இதற்கா ஒரு மாதம் தூங்காமல் இருந்தேன்? திங்கட்கிழமை வீட்டுக்குப் பேசும்போது அப்பாவிடம் சொல்ல வேண்டும், ஒரு எழுத்து தடுக்கவில்லை அப்பா, என்ன சொன்னேன் தெரியுமா, என்ன சொன்னேன், அக்கா என்று தொடங்கினேன். அக்கா. அந்தச் சொல் ஜெபத்தில் கிடையாது. கால் தானாகப் பாலத்தில் ஏறிவிட்டது, நான் ஏற்றவில்லை, அதுவாக ஏறிவிட்டது. யாருக்குத் தெரியும்? இந்தக் கூடத்தில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டு பேர், இரண்டு பேரும் தண்ணீரில் நிற்கிறோம். அக்கா முகத்தை வழித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். அவளுக்குத் தெரியும். எல்லாமே தெரியும், ஐந்து மாதமும் தெரியும். உதடு அசையாமல் சொல்கிறாள்: 'எனக்கு இவ்வளவும் காணும், போதும் தம்பி. விடும். ஒருத்தருக்கும் விளங்கேல்லை.' உண்மையிலேயே மனசாரச் சொல்கிறாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் எல்லாருக்கும் விட்டுக்கொடுத்தவள் எனக்கும் விட்டுக்கொடுக்கிறாள், நானும் வாங்கிக்கொண்டு கரையேறினால் தொழிற்சாலைக்காரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? 'இல்லை,' என்கிறேன். சத்தமாகத்தான் வருகிறது. ஹெல்கேயைப் பார்த்து அவர் மொழியில் சொல்கிறேன், நான் ஒரு சொல்லைக் கூடுதலாகப் போட்டுவிட்டேன், மறுபடியும் செய்ய வேண்டும். கூடத்தில் நாற்காலிகள் கிரீச்சிடுகின்றன. ஹெல்கே கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, செய் என்று கையைக் காட்டுகிறார்.

கையைத் தூக்குகிறேன். இப்போது முன்னால் ஒன்றும் இல்லை, அக்கா இல்லை, வந்து இல்லை, அதாவது இல்லை, வெறும் த. நாக்கு போய்ப் பல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிறது. வருவாயா? வராது. அடைத்துக்கொண்டுவிட்டது, மூச்சு அதன் பின்னால் நின்று முட்டுகிறது, கழுத்து நரம்பு புடைப்பது எனக்கே தெரிகிறது, த என்கிறது, த என்கிறது, மறுபடியும் த. வழக்கமாக இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்வேன். மூடவில்லை. ஃபோனுவா என் வலப்பக்கம் ஒரு காலை முன்வைத்து நிற்கிறான் என்று பார்க்காமலே தெரிகிறது, நான் திரும்பவில்லை. யாரோ இருமுகிறார்கள். வந்தேவிட்டது அந்த இருமல், சரி, இருமட்டும், தொண்டை இருந்தால் இருமத்தான் செய்வார்கள். அக்கா என் மணிக்கட்டை இறுக்குகிறாள், குளிரில் அவள் உதடு நீலமாக இருக்கிறது, ஆனால் கண் என்னை விட்டு அகலவில்லை, அவசரப்படுத்தவில்லை, வாய்க்குள் எனக்காகச் சொல்லிக்கொடுக்கவும் இல்லை, சும்மா நிற்கிறாள், பஸ் வரும்வரை நிற்பதுபோல நிற்கிறாள். நேரம் ஆனால் என்ன தவறு? ஆகட்டும். ராத்திரி ஆகட்டும். நான் இந்த எழுத்தை விட்டு ஓடப்போவதில்லை, என் வாய்தானே, என் எழுத்துதானே, இத்தனை வருஷம் நீ என்னைத் துரத்தினாய், இன்றைக்கு நான் நிற்கிறேன், நீ போ பார்க்கலாம். த. த. 'தவமலர்,' என்கிறேன். கூடம் முழுக்கக் கேட்கிறது. 'த... தர்ம... தர்மகுலசிங்கம்.' அக்காவின் முகம் அப்படியே உடைகிறது, அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை, நான் நிறுத்தாமல் போகிறேன், ஒவ்வொரு சொல்லாக, இடையில் இரண்டு இடத்தில் மாட்டி, இரண்டு இடத்திலும் நின்று, எதையும் மாற்றாமல், எதையும் தாண்டாமல், ஆமென். சாய்க்கிறேன், போகிறாள், தூக்குகிறேன். தண்ணீர் கோட்டைத் தாண்டித் தரையெல்லாம் கொட்டுகிறது. ஓலாவ் தலையசைக்கிறார், ரொட்டியும் சம்பலும் இல்லாமலே அவர் கண்ணில் தண்ணீர். ஃபோனுவா சாட்சி என்பதை மறந்து கையிரண்டையும் தூக்கிக் கத்துகிறான், முதல் வரிசைப் பிள்ளைகளும் சேர்ந்து கத்துகின்றன. எனக்கு உடம்பு முழுக்க நடுங்குகிறது, குளிரா சந்தோஷமா, இரண்டும்தான், இவ்வளவு சந்தோஷத்தை நான் ஒருநாளும் அனுபவித்ததில்லை.

'ரெண்டுதரம் நனைச்சுப்போட்டீர்,' என்கிறாள் அக்கா, இருமிக்கொண்டே. பிறகு படியேறாமல் அங்கேயே நிற்கிறாள். 'சரி, உம்முடைய பேர் என்ன?' அவளுக்குத் தெரியுமே, சட்டையில்தான் தினமும் படிக்கிறாளே. 'அது அப்பாவின்ர பேரெல்லோ. நான் உம்முடைய பேரைக் கேக்கிறன்.' நீட்டுவதற்குக் கையில் அட்டை எதுவும் இல்லை, ஈர உடுப்பில் பை கூட இல்லை. ஃபோனுவா துண்டோடு படியில் காத்திருக்கிறான், எட்டு மாதம் ஒரே அறையில் தூங்கியவன், அவனும் என் வாயால் கேட்டதில்லை. 'த,' என்கிறேன். மாட்டிக்கொண்டது. மாட்டிக்கொள்ளட்டும், யாருக்கும் அவசரமில்லை, எனக்கும் இல்லை. 'த... த...' அக்கா காத்திருக்கிறாள். ஃபோனுவா காத்திருக்கிறான். 'தண்டபாணி!' என்கிறேன், அப்பா பவானிக்கு ஆள் கூப்பிடுகிற அதே குரலில், கூடத்தின் கடைசி நாற்காலி திரும்பிப் பார்க்கும்படி.